இடது சீட்டிலிருந்து: 45,000 ரூபாய் காரில் ராலிக்குப் போகலாமா?

சென்ற இதழில் டி.எஸ்.டி. ராலி பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ‘எங்களிடம் இருப்பது பழைய கார், கலந்துகொள்ள முடியுமா?’ ஆகவே இந்த மாதம் முழுவதும் பழைய கார்க்காரர்களுக்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரம், வேகம், தூரம் இந்த மூன்றையும் வைத்து நடப்பது டி.எஸ்.டி. ராலி. போக்குவரத்து நிறுத்தப்படாத சாதாரண சாலையில்தான் ஓட்ட வேண்டும். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் என்று படம் போட்ட ரோடு புக் ஒன்றைப் புறப்படும்போது கையில் கொடுப்பார்கள். இந்த இடம் வரை சராசரி 36 கிலோமீட்டர் வேகம், அதற்குப் பிறகு 40 என்று வேகமும் குறித்திருக்கும். வழியில் எங்காவது, சொல்லாத இடத்தில், ராலி நடத்துபவர்களின் ஆளான மார்ஷல் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். அவரை நீங்கள் எந்த விநாடியில் கடக்க வேண்டுமோ அந்த விநாடியில் கடக்க வேண்டும். தாமதமாக வந்தால் அபராதப் புள்ளி. முன்னதாக வந்தாலும் அபராதம், பெரும்பாலான ராலிகளில் அது இரட்டிப்பு. கடைசியில் யாருக்கு அபராதம் குறைவோ அவருக்குக் கோப்பை.

நான் கோயம்புத்தூரில் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவள். என் தம்பி ஸ்டியரிங், நான் இடது சீட், அதாவது வழியும் நேரமும் பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர். எங்கள் வண்டியும் பழையதுதான்.

*

டீச்சர், நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து 45,000 ரூபாய்க்கு 2006 மாடல் மாருதி 800 வாங்கியிருக்கிறோம். எஃப்.சி. புதுப்பித்த வண்டி. கையில் இன்னும் 25,000 ரூபாய் இருக்கிறது. முதல் ராலிக்குள் பெயின்ட் அடித்து, அலாய் வீல் போட்டு, மியூசிக் சிஸ்டம் மாற்றலாம் என்று நண்பன் சொல்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பொறியியல் மாணவர், பொள்ளாச்சி

தம்பி, நல்ல வண்டி வாங்கியிருக்கிறாய். 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறியதிலிருந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும் வரை இந்த நாட்டு மெக்கானிக்குகள் எல்லோரும் கை வைத்துப் பழகிய வண்டி அது. உடுமலையிலோ தாராபுரத்திலோ ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றுபோனாலும் அதற்கு கிளட்ச் கேபிள் கிடைக்கும். பழைய காரில் ராலிக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய பலம் வேறில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாகம் கிடைக்காத வெளிநாட்டு வண்டி வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த 25,000 ரூபாயில் ஒரு பைசாவைக்கூட பெயின்டுக்குக் கொடுக்காதே. வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தயாரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கணக்கு. நீங்கள் அதற்கு மேலேயே வைத்திருக்கிறீர்கள், நல்லது.

முதலில் டயர். பூ எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதே, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார். 1823 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆம் வாரத்தில் செய்தது. பத்து வருடம் வீட்டில் நின்ற வண்டியின் டயர் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் ரப்பர் செத்துப்போயிருக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் பார். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, அளவை மாற்றாதே. உன் வண்டிக்கு 145/70 ஆர் 12. உயரமாக இருக்கட்டும் என்று 145/80 போட்டால் சக்கரத்தின் விட்டம் 508 மில்லிமீட்டரிலிருந்து 537-க்குப் போய்விடும். நிஜத்தில் 100 கிலோமீட்டர் ஓடினால் உன் மீட்டர் 94.6 என்றுதான் காட்டும். அலாய் வீல் கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். தூரத்தை நம்பி நடக்கிற விளையாட்டில் மீட்டரையே கெடுத்துக்கொண்டு போகலாமா?

அடுத்து பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயில் மலையிறக்கத்தில் சூடாகி உள்ளுக்குள் ஆவியாகும், அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இன்றைக்கே மாற்று. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

மூன்றாவது, சூடு. ராலி நாளில் உங்கள் வண்டி குறைந்த வேகத்தில், பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில், வெயிலில் மணிக்கணக்காக ஓடும். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடுகிறதா என்று வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நின்று பார். ஓடவில்லையென்றால் பெரும்பாலும் ஃபேனை ஓடவைக்கும் சின்ன சுவிட்ச்தான் காரணம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் மூன்றையும் அமுக்கிப் பார், விறைத்திருந்தால் மாற்று. சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாது. தெரியாதது மாற்றாததற்குச் சமம். பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்று.

பெட்ரோல் ஹோஸையும் மறக்காதே. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2006-இல் போட்ட ரப்பர் குழாய் அதற்காகச் செய்ததல்ல. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல ஜாக்கி, இழுவைக் கயிறு, சிறிய தீயணைப்பான், ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஃபியூஸ், பல்பு. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, பாதுகாப்புத் தகடு இல்லையென்றால் பட்டறையில் ஒன்று அடித்து மாட்டிவிடுங்கள். 800 தாழ்ந்த வண்டி, தென்னந்தோப்புப் பாதையில் ஒரு கல் போதும்.

மியூசிக் சிஸ்டம் வேண்டவே வேண்டாம், தம்பி. நேவிகேட்டர் ‘அடுத்து 300 மீட்டரில் இடது’ என்று சொல்வது காதில் விழ வேண்டும். அந்தப் பணத்தில் மேப் படிக்க ஒரு வளைகிற விளக்கு வாங்கி டேஷ்போர்டில் மாட்டு, இருட்டில் புறப்படும் ராலிகள் உண்டு.

*

அக்கா, என் வீட்டுக்காரர் நன்றாக ஓட்டுவார். என்னை நேவிகேட்டராக உட்காரச் சொல்கிறார். எனக்கோ பத்தாம் வகுப்பிலேயே கணக்கு வராது. ரோடு புக்கைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்னால் முடியுமா?
— நாமக்கல் வாசகி

முடியும் கண்ணு. கணக்கு வராது என்று உன்னிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், நீயும் நம்பிவிட்டாய். அப்படி நம்பிக்கொண்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். இதில் உனக்குத் தேவை ஒரே ஒரு வகுத்தல். அதையும் முந்தின நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடலாம்.

3600-ஐ வேகத்தால் வகு. வருவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்பது. 24 வேகத்துக்கு 150 விநாடி. 30-க்கு 120. 36-க்கு 100. 40-க்கு 90. 45-க்கு 80. இதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள். இனி எல்லாமே பெருக்கல்தான். 36 வேகத்தில் 17.4 கிலோமீட்டர் என்றால் 1,740 விநாடி, அதாவது 29 நிமிடம். 9 மணி 7 நிமிடத்துக்குப் புறப்பட்டால் 9.36-க்கு அங்கே இருக்க வேண்டும். நடுவில் வேகம் மாறினால் தனித்தனியாகப் போட்டுக் கூட்டு. முதல் 6 கிலோமீட்டர் 30 வேகத்தில் 12 நிமிடம், அடுத்த 9 கிலோமீட்டர் 40 வேகத்தில் 13 நிமிடம் 30 விநாடி, மொத்தம் 25 நிமிடம் 30 விநாடி. அவ்வளவுதான் இந்த விளையாட்டின் கணக்கு.

மார்ஷல் எங்கே இருப்பார் என்று தெரியாததால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ‘இப்போது மணி என்ன இருக்க வேண்டும்’ என்று ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள். புறப்படும் முன் ரோடு புக்கைப் பிரித்துப் பார்க்கக் கொடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ அட்டவணையை முடித்துவிடு.

பழைய வண்டியில் கவனிக்க வேண்டியது மீட்டர். தேய்ந்த டயரும் பழைய கேபிளும் இருந்தால் மீட்டர் நிஜத் தூரத்தைக் காட்டாது. ராலியின் தொடக்கத்தில் பொதுவாக ஒரு சரிபார்ப்புத் தூரம் தருவார்கள். ரோடு புக்கில் 10 கிலோமீட்டர், உங்கள் மீட்டரில் 10.3 என்று வைத்துக்கொள். அப்படியென்றால் புத்தகத்தின் ஒவ்வொரு தூரத்தையும் 1.03-ஆல் பெருக்கினால் உன் மீட்டரில் வர வேண்டிய எண் கிடைக்கும். 17.4 கிலோமீட்டரில் உள்ள திருப்பம் உன் மீட்டரில் 17.92-இல் வரும். பெருக்குவது கஷ்டம் என்றால் நேரத்தைத் திருத்திக்கொள்: 36 வேகத்துக்கு 100 விநாடி என்பதற்குப் பதிலாக, உன் மீட்டர் காட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 97 விநாடி. விடை அதேதான். கால்குலேட்டரும் ஜி.பி.எஸ். செயலியும் அனுமதியா என்பதை அந்தந்த ராலியின் விதிமுறைத் தாளில் படித்துவிடு, ஊருக்கு ஊர் மாறும்.

படங்களைக் கண்டு பயப்படாதே. நெதர்லாந்தின் துலிப் ராலியிலிருந்து வந்த படமுறை அது. கீழே உருண்டை இருக்கும் இடத்தில் நீ நிற்கிறாய், அம்பு இருக்கும் பக்கம் போக வேண்டும். கோவில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று பக்கத்தில் எழுதியிருக்கும். தவறான வழியில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டால், திரும்பி வரும்போது மீட்டரில் 2 கிலோமீட்டர் கூடியிருக்கும். அதைச் சிவப்புப் பேனாவில் ஓரமாக எழுதிக் கழித்துக்கொண்டே வா. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஜோடிகள் தடுமாறுகிறார்கள். வழி தவறியதைப் பற்றி அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உன் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை. பேச வேண்டியதைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது பேசலாம்.

*

மலைப் பாதையில் புத்தகம் படித்தால் எனக்கு வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?
— ஏற்காடு வாசகர்

வளைவில் படிக்காதீர்கள். நேரான பாதை வரும்போது அடுத்த மூன்று படங்களை மனத்தில் வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்தி, தூரத்துச் சாலையைப் பார்த்தபடி சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், காற்று வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்டு, முதலில் வேறொரு நாளில் போட்டுப் பாருங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், நேவிகேட்டர் தூங்கிவிட்டால் ராலி முடிந்தது. ஓட்டுபவர் எக்காரணம் கொண்டும் அதைப் போடக் கூடாது.

*

எங்களுடையது 37 குதிரைத் திறன். பக்கத்தில் நிற்பதெல்லாம் 150, 180 குதிரை எஸ்.யூ.வி.கள். மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், ஜெயிக்க முடியுமா?
— திருச்சி வாசகர்

முடியும் என்று மனதைத் தொட்டே சொல்கிறேன். எப்படி என்றும் காட்டுகிறேன். ரயில்வே கேட்டில் 2 நிமிடம் நின்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 15 கிலோமீட்டரில் அதை மீட்க வேண்டும். சராசரி 36 என்றால் அதற்கு 25 நிமிடம். உங்களுக்கு இருப்பது 23. வகுத்துப் பாருங்கள்: 39-க்குச் சற்று மேல் போனால் போதும். மூன்று கிலோமீட்டர் வேகம் கூட்டுவதற்கு 180 குதிரை எதற்கு? பெரிய வண்டிக்காரர்கள் பதறிப்போய் 80-இல் பறந்து, நேரத்துக்கு முன்னால் மார்ஷல் முன்னால் போய் நின்று இரட்டை அபராதம் வாங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திறன் கையில் இருந்தால் கால் சும்மா இருப்பதில்லை.

ஆனால் ஒன்று. இதெல்லாம் டி.எஸ்.டி.க்கு மட்டும். சாலையை மூடி விநாடிக்கு விநாடி வேகம் பார்க்கும் ஸ்பெஷல் ஸ்டேஜ் ராலி வேறு உலகம். கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டு, அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை எல்லாம் கட்டாயம். எங்கள் ஊர்ப் பக்கம் கேத்தனூர் காற்றாலைக் காட்டில் அந்த ஓட்டங்களைப் புழுதியில் நின்று பார்த்திருக்கிறேன். தென்னிந்திய ராலியை 7 முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் ஓட்டிய அவர் மகன் நரேன் என்று அந்த உலகத்துக்கும் கோவைக்கும் உறவு பெரியது. அதற்கு 45,000 ரூபாய் வண்டியோடு போக ஆசைப்படாதீர்கள்.

சாதாரண வண்டி ஜெயித்த கதை கேட்கிறீர்கள் என்றால், 1968 லண்டன்–சிட்னி மாரத்தானைச் சொல்வேன். லண்டனில் 98 கார்கள் புறப்பட்டன. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து பம்பாய் வந்து சேர்ந்தவை 72. அங்கிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா. கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்த லூசியன் பியான்கியின் சித்ரோயன், முடிவிடத்தை நெருங்கும்போது எதிரே வந்த காரோடு மோதியது. வென்றது ஆண்ட்ரூ கோவன் குழுவின் ஹில்மன் ஹண்டர். இங்கிலாந்தில் குடும்பஸ்தர்கள் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற கார் அது. அவர்கள் அதிவேகத்துக்குப் போகாமல், வண்டி உடையாமல் பார்த்துக்கொண்டே வந்தவர்கள். அதே கோவன் 1977-இல் மறுபடி நடந்த லண்டன்–சிட்னியையும் மெர்சிடிஸில் வென்றார். அந்த முறை கார்கள் நம் மெட்ராஸிலிருந்துதான் மலேசியாவின் பினாங்குக்குக் கப்பலேறின.

*

15 வருடம் தாண்டிய காருக்கு ராலியில் அனுமதி உண்டா? இன்சூரன்ஸ் இருந்தால் போதுமா?
— காரைக்குடி வாசகர்

ஆர்.சி. உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் முதல் கேள்வி. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. மலிவுக் கார் வாங்கும்போது இதையெல்லாம் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எஃப்.சி. முடிய இரண்டு மாதம் இருக்கும் வண்டியைத்தான் மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பத்தியைப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம் ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது என்று இருக்கும். ராலியில் எதையாவது இடித்துவிட்டு நஷ்ட ஈடு கேட்கப் போனால் அந்த வரியைக் காட்டுவார்கள். இந்திய மோட்டார் டாரிஃப் என்ற வாகனக் காப்பீட்டு விதித் தொகுப்பில் ராலிகளுக்கென்றே 31-ஆம் எண் ஒப்புதல் இணைப்பு ஒன்று இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டி, ராலி நாட்களுக்கு அதைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏஜெண்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘ஐ.எம்.டி. 31’ என்று எழுதியே கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ராலி நடத்துபவர்கள் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற தேசியக் கூட்டமைப்பின் அனுமதி இருக்கிறதா என்பதையும் பதிவுக் கட்டணம் கட்டும் முன் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு நான் போக மாட்டேன்.

*

அம்மா, என் மகள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு ஓட்டை கார் ஒன்றை வாங்கிக்கொண்டு மங்கோலியா வரை போகப் போகிறேன் என்கிறாள். இப்படியும் ஒரு ராலி உண்டா? எனக்குத் தூக்கமே வரவில்லை. ‘போகாதே’ என்று நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள்.
— மதுரை வாசகி

உண்டும்மா. மங்கோல் ராலி என்று பெயர். 2004-இல் ஆறு கார்களோடு தொடங்கியது. அன்று போய்ச் சேர்ந்தவை நான்கு. பின்னாட்களில் நூற்றுக்கணக்கான கார்கள் போயின. சின்ன எஞ்சின் உள்ள பழைய கார்தான் வேண்டும், ஆயிரம் சிசி அளவு. குறித்த பாதை கிடையாது, பின்னால் வரும் மெக்கானிக் வண்டி கிடையாது. நின்றுபோனால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஒவ்வொரு குழுவும் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் திரட்டித் தர வேண்டும். தூரம் ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை.

இதே குணமுள்ள இன்னொன்று, இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குப் போவது. பாரிஸ்–டக்கார் ராலியில் கோடிகள் கொட்டுகிறார்களே, நாம் 100 பவுண்டுக்கு ஒரு கார் வாங்கி, 15 பவுண்டுக்குத் தயார் செய்து போவோம் என்று கிளம்பியவர்கள் தொடங்கியது. பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ, மேற்கு சகாரா, மொரிட்டானியா, செனகல் கடந்து காம்பியாவின் தலைநகர் பாஞ்சுல் சேர்ந்ததும் கார்களை ஏலம் விட்டு, பணத்தை அந்த ஊர்த் தொண்டு நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டு விமானத்தில் திரும்புகிறார்கள். அங்கே வலப்பக்க ஸ்டியரிங் காரை விற்க முடியாது, அதனால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டி தேடித்தான் வாங்க வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. ஓடி முடித்த வண்டி அங்கே ஒரு டாக்சியாக, ஒரு குடும்பத்தின் பிழைப்பாக மறுபடி உருளும்.

உங்கள் மகளிடம் ‘போகாதே’ என்று சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். எந்த நாடுகள் வழியாகப் போகிறாய்? 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ரஷ்யாவுக்குப் பயணம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசே சொல்கிறது. அரசு வேண்டாம் என்ற நாட்டுக்குப் போனால் பயணக் காப்பீடு பொதுவாகச் செல்லாது. ஆகவே பாதையும் காப்பீடும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று அவள் காகிதத்தில் காட்டட்டும். இரண்டாவது, உங்கள் குழுவில் யாருக்கு டயர் மாற்றத் தெரியும்? ‘எல்லோருக்கும்’ என்று பதில் வந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். வராவிட்டால் புறப்படும் முன் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். காம்பியா பாதை என்றால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: மேற்கு சகாராவுக்கும் மொரிட்டானியாவுக்கும் நடுவில் உள்ள எல்லைப் பகுதியில் பழைய கண்ணிவெடிகள் உண்டு. அங்கே மற்ற வண்டிகள் போன தடத்தை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது, சிறுநீர் கழிப்பதற்காகவும்கூட.

*

தாத்தாவின் 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. டி.எஸ்.டி.யில் இறக்கலாமா?
— சென்னை, தாம்பரம் வாசகர்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது! தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

ஆனால் ராலிக்கு, என் விருப்பத்தைக் கேட்டால், டி.எஸ்.டி. வேண்டாம். உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி வின்டேஜ் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பலகையில் ‘வி.ஏ.’ என்று வரும். அப்படிப் பதிந்துவிட்டால் அன்றாட ஓட்டத்துக்குச் சாலையில் இறக்க முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். வின்டேஜ் ராலியில் தூரம் குறைவு, பாகம் உடையும் அபாயமும் குறைவு. 800-க்கு உடைந்த பாகம் அடுத்த தெருவில் கிடைக்கும். ஹெரால்டுக்கு உடைந்தால் லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும், செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த வண்டியைத் தொட்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக் யாராவது தாம்பரம் பக்கம் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் சொல்வதையெல்லாம் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் ராலி வைத்திருக்கிறார்கள். 40 கொண்டை ஊசி. பழைய 800 தாங்குமா? ஆடு, மாடு, பஸ் குறுக்கே வந்து தாமதமானால் நேரத்தில் கழிவு தருவார்களா?
— உடுமலை வாசகர்

ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ரேடியேட்டர் சரியாக இருந்தால் ஏறிவிடும். ஏ.சி. இருந்தால் அணைத்துவிடுங்கள். நான் கவலைப்படுவது இறங்குவதைப் பற்றி. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது கூடவே கூடாது. பிரேக் வாசம் வந்தால் இடம் பார்த்து ஓரங்கட்டி ஆறவிடுங்கள். போகிற புள்ளி போகட்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். லாரியோ பஸ்ஸோ வளைவில் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும், முன்னாலேயே நின்றுவிடுங்கள். அது புலிகள் காப்பகச் சாலை, ஹாரனையும் குப்பையையும் அடக்கி வையுங்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கழிவு கிடையாது. மரம் விழுந்தோ விபத்தாலோ சாலையே அடைபட்டால் சில ராலிகளில் மார்ஷலிடம் எழுதிக் கேட்கலாம், விதிமுறைத் தாளில் இருக்கும். மற்றபடி நிற்க வேண்டிய இடத்தில் நின்று, முன்னே திருச்சி வாசகருக்குச் சொன்ன கணக்கைப் போட்டு, நல்ல சாலை வந்ததும் மீட்டுக்கொள்ளுங்கள். வால்பாறைக்கு முந்தின நாளே டாங்க்கை நிரப்பி, மழைக்காலம் என்றால் வைப்பர் ரப்பரையும் புதிதாக மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.